வாடகை வீட்டில் தூக்கமும் கடிதங்களும்

சிங்கப்பூரின் லெங்கோக் பாருவில், அரசாங்கம் குறைந்த வாடகைக்கு விடும் ஓர் ஈரறை வீட்டில் மகனோடும் மகளோடும் குடியிருக்கிறேன். வாடகை வீடு என்றதும் நம் ஆட்கள் முதலில் கேட்பது, “அவ்வளவு சின்ன இடத்துல எப்படிச் சமாளிக்கிறீங்க?” என்பதுதான். சின்ன இடம்தான். ஓரறை வீடு சுமார் 33 சதுர மீட்டர், ஈரறை வீடு சுமார் 45. ஆனால் எங்கள் புளோக்கில் எல்லோருக்கும் ஏறக்குறைய இதே இடம்தான். அதற்குள் சில குடும்பங்கள் தலைநிமிர்கின்றன, சில குடும்பங்கள் வருடத்துக்கு வருடம் நொடிக்கின்றன. ஏன் என்று பக்கத்திலிருந்து பார்த்ததில் எனக்குப் புலப்பட்டவை இரண்டு. வீட்டில் உள்ளவர்கள் ராத்திரி தடையில்லாமல் தூங்குகிறார்களா? வீட்டுக்கு வரும் கடிதங்களுக்கு நேரத்தோடு பதில் போகிறதா? இந்த இரண்டும் ஒழுங்காக இருந்தால் மற்றதை எப்படியாவது இழுத்துப் பிடித்துவிடலாம். இவை கெட்டால் வேலை, படிப்பு, உடம்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கெடுகின்றன.

புதிதாக வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்கும், ஏற்கெனவே குடிவந்து திணறிக்கொண்டிருப்பவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

1960ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) தொடங்கியபோது அவசர அவசரமாகக் கட்டிய வீடுகளில் பெரும்பகுதி வாடகைக்கு விட்டவைதான். 1961 மே மாதம் புக்கிட் ஹோ சுவீ கம்பத்தில் (குடிசைக் கிராமத்தில்) பிடித்த தீயில் ஏறத்தாழ 16,000 பேர் வீடிழந்தார்கள். அவர்களுக்கு உடனே ஒரு கூரை வேண்டியிருந்தது. வீட்டைச் சொந்தமாக வாங்கும் திட்டம் 1964ல்தான் வந்தது, சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேமிக்கும் மத்திய சேம நிதிப் பணத்தை அதற்கு எடுக்கலாம் என்றானது 1968ல். என் தாத்தா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். அப்பா வளர்ந்தது வாடகை வீட்டில். அதைச் சொல்வதில் அப்பாவுக்கு எந்தக் கூச்சமும் இருந்ததில்லை, ஏனென்றால் அக்கம்பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் இருந்தார்கள். இன்று வீவக வீடுகளில் வசிக்கும் பத்துக் குடும்பங்களில் ஒன்பதுபோல் சொந்த வீட்டுக்காரர்கள். வாடகைக்கு இருப்பவை ஏறத்தாழ 50,000 குடும்பங்கள். எண்ணிக்கை குறையக் குறையக் கூச்சம் கூடிவிட்டது. தாத்தாவுக்கு இல்லாத தயக்கம் என் மகனுக்கு இருப்பது இதனால்தான். நண்பர்களை வீட்டுக்குக் கூட்டி வா என்று அவனை நான் வற்புறுத்துவதில்லை. பக்கத்தில் எனேபளிங் வில்லேஜ் என்ற பொது வளாகம் இருக்கிறது, மரமும் நிழலும் உட்கார இடமும் உண்டு, யார் வேண்டுமானாலும் போகலாம். அவன் நண்பர்கள் வந்தால் அங்கேதான்.

நான் இங்கே வந்தது மணமுறிவுக்குப் பிறகு. சேர்ந்து வாங்கியிருந்த நாலறை வீட்டை விற்றுக் கடனை அடைத்ததும் கையில் மிஞ்சியது சொற்பம். வீட்டை விற்று 30 மாதம் ஆகாதவர்களுக்குப் பொதுவாக வாடகை வீடு கிடைக்காது. மணமுறிவு வழக்கு நடக்கும்போதே இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அந்த இடைக்காலத்துக்கு எங்கே இருப்பது என்று வீடு கைமாறும் முன்பே பேசி முடித்தாக வேண்டும். நாங்கள் அக்கா வீட்டுக் கூடத்தில் படுத்து அந்தக் காலத்தைத் தள்ளினோம்.

விண்ணப்பித்தபோது வருமான வரம்பு குடும்பத்துக்கு மாதம் 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). “வாடகை வெறும் 26 வெள்ளிதானாமே” என்று சொல்லிக்கொண்டு பலர் வருகிறார்கள். அது ஒரு படிதான். முதல்முறையாக வீட்டுச் சலுகை பெறுகிறவர், குடும்ப வருமானம் 800 வெள்ளிக்குள் என்றால் ஓரறைக்கு 26 முதல் 33 வெள்ளி, ஈரறைக்கு 44 முதல் 75. வருமானம் 801க்கும் 1,500க்கும் இடையில் என்றால் ஓரறைக்கு 90 முதல் 123, ஈரறைக்கு 123 முதல் 165. என்னைப்போல் ஏற்கெனவே சலுகையில் ஒரு வீடு வாங்கியவர்களுக்கு இன்னும் ஒரு படி மேலே: ஈரறைக்கு 800க்குள் 123 முதல் 165, அதற்கு மேல் 205 முதல் 275. இது போக நகர மன்றத்துக்குச் சேவை, பராமரிப்புக் கட்டணம் தனி, தண்ணீர் மின்சாரம் தனி. மூன்றும் மூன்று இடத்துக்குப் போகின்றன. ஒன்றைக் கட்டிவிட்டு மற்றவையும் தீர்ந்தன என்று இருந்துவிடக்கூடாது.

இனி தூக்கத்துக்கு வருகிறேன்.

நாங்கள் குடிவந்த புதிதில் மகளின் கையிலும் கழுத்திலும் சிவப்புத் தடிப்புகள். கொசு கடித்தால் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கும். இவை மூன்று நான்காக ஒரே கோட்டில் இருந்தன. பகலில் மெத்தையைப் புரட்டினால் ஒன்றும் அகப்படவில்லை. ராத்திரி விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்துக் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். மெத்தைத் தையலின் மடிப்பில், கட்டில் பலகைகள் சேரும் மூலையில், சுவரில் முன்பிருந்தவர்கள் ஆணி அடித்த ஓட்டையில்கூட மூட்டைப்பூச்சி. மிளகைப் பொடித்துத் தூவியதுபோல் விரிப்பின் ஓரமெல்லாம் கறுப்புப் புள்ளி. குழந்தை ராத்திரி முழுவதும் சொறிந்துவிட்டுக் காலையில் பள்ளியில் தூங்கி விழுந்தாள். ஆசிரியர் அவளைக் கவனக்குறைவு என்று எழுதி அனுப்பினார். கவனம் எங்கே போயிற்று என்று எனக்குத் தெரியும்.

பழைய வாடகை புளோக்குகளில் இது பரவலான தொல்லை. என் அனுபவத்தில் பலித்ததைச் சொல்கிறேன். மரக்கட்டிலை விட்டுவிட்டு இரும்புக் கட்டிலுக்கு மாறுங்கள், கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுங்கள், நான்கு கால்களையும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணங்களில் வையுங்கள். விரிப்பு வெள்ளையாக இருந்தால் புள்ளி உடனே கண்ணில் படும். துணி, போர்வை, தலையணை உறை எல்லாவற்றையும் காசு போட்டுத் துவைக்கும் கடைக்குக் கொண்டுபோய், அங்குள்ள உலர்த்தும் இயந்திரத்தில் அதிகச் சூட்டில் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டுங்கள். வெயிலில் போடுவதைவிட இது உறுதி. சுவர் ஓட்டைகளை வெள்ளைச் சிமெண்டால் அடையுங்கள். கீழ்த்தளத்தில் யாரோ வீசிவிட்டுப் போன சோபாவையோ மெத்தையையோ, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், மேலே தூக்கி வராதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, தனியாகச் செய்யக்கூடாது. கடையில் வாங்கிய மருந்தை நான் ஒரு வீட்டில் அடித்தால் பூச்சி பக்கத்து வீட்டுக்கு நகர்கிறது, அவர்கள் அடித்தால் என் வீட்டுக்குத் திரும்புகிறது. என் பக்கத்து வீட்டில் ஒரு மலாய்ப் பாட்டி தனியாக இருக்கிறார், புளோக்கில் எல்லோருக்கும் அவர் மக்சிக், மலாயில் அத்தை. அவர் வீட்டில் பழைய பிரம்பு நாற்காலி ஒன்று இருந்தது, அதன் பின்னல் முழுவதும் பூச்சி. அவர் கணவர் உட்கார்ந்த நாற்காலி என்பதால் தூக்கிப்போடச் சொல்ல யாருக்கும் மனம் வரவில்லை. கடைசியில் வசிப்போர் குழுவில் உள்ள ஒரு பெண்மணியிடம் சொல்லி, ஒரே சனிக்கிழமையில் எங்கள் வரிசை வீடுகள் எல்லாவற்றுக்கும் மருந்தடிக்க ஏற்பாடு செய்தோம். மக்சிக் தானாகவே வந்து, “அடேக் (தங்கச்சி), அந்த நாற்காலியையும் எடுத்துக்கச் சொல்லு” என்றார். நகர மன்றத்துக்குப் போன் செய்தோம், பெரிய சாமான்களை அவர்களே வந்து எடுத்துப் போனார்கள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளைச் சுத்தம் செய்து கொடுக்க ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி சிங்கப்பூர் தொண்டூழியர்களை அனுப்புகிறது. கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது சத்தம். எங்கள் தளத்தில் நடைபாதை நடுவில் ஓடுகிறது, இரண்டு பக்கமும் வீடுகள். ஒரு முனையில் இருமினால் மறுமுனையில் கேட்கும். காலை ஷிஃப்டுக்கு ஐந்து மணிக்கு ஒருவர் இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தினால் பத்து வீட்டுக் குழந்தைகள் விழிக்கும். நான் மருத்துவமனையில் துப்புரவுப் பணியில் இருக்கிறேன், அந்த ஐந்து மணி ஆட்களில் நானும் ஒருத்தி. மகன் பழைய சைக்கிள் ட்யூபை விரல் அகலத்துக்கு வெட்டி, கேட் சட்டத்தில் மோதும் இரண்டு இடத்தில் ஒட்டினான். சத்தம் நின்றது. எதிர்வீட்டு அண்ணன் பார்த்துவிட்டுத் தனக்கும் கேட்டார். பிறகு ஒவ்வொருவராகக் கேட்டு, இன்று எங்கள் தளத்தில் ஏறக்குறைய எல்லாக் கேட்டிலும் கறுப்பு ரப்பர் துண்டு இருக்கிறது. செலவு என்று எதுவும் ஆகவில்லை.

அந்த எதிர்வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். அங்கே இரண்டு பெரியவர்கள், ஒருவர் தமிழர், ஒருவர் சீனர். கூட்டு ஒற்றையர் திட்டத்தில் ஓரறை வீட்டைப் பகிர்ந்து கொள்கிறார்கள். தனியாளாக இருக்கும் இருவர் சேர்ந்து விண்ணப்பித்தால்தான் வீடு என்பது அந்தத் திட்டம். முன்பின் தெரியாத இருவர் ஒரே அறையில், அதுவும் அறுபது வயதுக்கு மேல். அண்ணன் பகல் நேரக் காவல் வேலைக்குப் போகிறவர், எட்டு மணிக்கே படுத்துவிடுவார். சீனரான அங்கிள் காப்பிக் கடையில் தட்டு எடுக்கிறவர், பதினொரு மணிக்கு வந்து விளக்கைப் போட்டுச் சாப்பிடுவார். “விளக்கைப் போட்டா எனக்கு ஆகாது, அணைச்சா அவருக்கு ஆகாது. போலீஸ் வரைக்கும் போயிட்டோம்மா” என்று அண்ணன் ஒரு நாள் சொன்னார், சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். தூங்கவிடாமல் செய்தால் நல்ல மனிதர்களும் அடித்துக்கொள்வார்கள். குடும்ப சேவை நிலையத்திலிருந்து வந்த ஒரு தம்பி பெரிய அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அறைக்குக் குறுக்கே கம்பி கட்டிக் கனமான திரை போட்டார், அங்கிளுக்குக் கவ்வி மாட்டும் சின்ன விளக்கு, அண்ணனுக்கு ஒலி 96.8 தமிழ் வானொலி கேட்க இயர்ஃபோன். பிறகு யாருக்கு எப்போது சமையலறை, எப்போது குளியலறை என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினார். சண்டை அடங்கிவிட்டது. 2021லிருந்து, துணை தேடாமல் தனியாகவே விண்ணப்பித்து, ஒரு நடத்துநர் அமைப்பு ஆள் பொருத்தம் பார்த்துச் சேர்க்கிற முறையும் முன்னோட்டமாக வந்திருக்கிறது. தனியாக இருக்கும் அண்ணன் மாமா யாருக்காவது வீடு தேடுகிறீர்கள் என்றால் அதைக் கேளுங்கள். பேசித் தீராத சத்தத் தகராறு என்றால் சமூக சமரச நிலையம் 1998லிருந்தே இருக்கிறது. போலீசுக்கு முன் அங்கே போவது நல்லது. போலீஸ் வந்துபோன பிறகும் அதே பக்கத்து வீட்டுக்காரரோடுதான் இருந்தாக வேண்டும்.

எங்கள் வீட்டுக்குள்ளும் நேரத்தைத்தான் பங்கு போட்டிருக்கிறோம், இடத்தைப் பங்கு போட வழியில்லை. ஒரே படுக்கையறையில் நானும் மகளும், கூடத்தில் மகன். கூடத்தில் ஒரு மடக்கு மேசை. பள்ளியும் மாணவர் பராமரிப்பு நிலையமும் முடிந்து மகள் வந்ததும் எட்டு மணி வரை அது அவளுடையது. அந்த நேரம் மகன் குவீன்ஸ்டவுன் நூலகத்தில் இருப்பான், 1970ல் திறந்த பழைய நூலகம், குளிர்சாதன வசதியும் அமைதியும் உண்டு. எட்டிலிருந்து பத்து வரை மேசை அவனுடையது. ஒன்பதரைக்கு நானும் மகளும் கதவைச் சாத்திப் படுத்துவிடுவோம். டிவி என்றால் காதில் மாட்டிக்கொண்டுதான். உறவினர் வந்தாலும் இந்த நேரம் மாறாது. ஆரம்பத்தில் என் தங்கைக்குக் கோபம், “வீட்டுக்கு வந்தவங்களை விரட்டுறியா” என்று. நாலரைக்கு எழுந்து வேலைக்குப் போகும் ஒருத்தியும் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) எழுதப் போகும் பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தால் இதைத் தவிர வேறு வழி கிடையாது. இப்போது அவளே ஒன்பது மணிக்குக் கிளம்பிவிடுகிறாள்.

நடைபாதையில் சாமான் வைப்பது பற்றி ஒரே வார்த்தை: 1.2 மீட்டர் வழி விடுங்கள். தீ பிடித்தால் சக்கர நாற்காலிக்காரர்கள்தான் முதலில் மாட்டுவார்கள், எங்கள் புளோக்கில் அவர்கள் நிறையப் பேர்.

கடிதங்கள் விஷயம் இதைவிடப் பெரிது என்று நான் நினைக்கிறேன்.

மக்சிக் வீட்டில் கோங் குவான் பிஸ்கட் டின் ஒன்று உண்டு. ஒரு நாள் அதை என் மடியில் வைத்து, “தோலோங் பாச்சா” என்றார், கொஞ்சம் படித்துச் சொல் என்று. உள்ளே முழுவதும் பிரிக்காத கடிதங்கள். எல்லாம் ஆங்கிலத்தில், சன்னல் வைத்த நீள உறைகள். தேதிவாரியாக அடுக்கினோம். பாதி விளம்பரம், சில மருத்துவமனை நேரக் குறிப்பு, சில நகர மன்றப் பாக்கி நினைவூட்டல். அடியில் ஒன்று, வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க ஆவணம் கேட்டு வந்தது. ஒப்பந்தம் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுவது, கெடு நெருங்கிவிட்டிருந்தது. அவருக்குப் பயம். பிரித்தால் கெட்ட செய்தி வரும் என்று பிரிக்காமலே வைத்திருந்தார். நாங்கள் கிளை அலுவலகத்துக்குப் போனோம், கேட்ட தாள்களைக் கொடுத்தோம், அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. திரும்பும் வழியெல்லாம் மக்சிக் என் கையை விடவில்லை. இப்போது உறை வந்த அன்றே எங்கள் கேட்டைத் தட்டுவார்.

உங்கள் வீட்டில் இதற்கு ஓர் ஆளும் ஒரு நேரமும் ஒதுக்குங்கள். எங்கள் வீட்டில் ஞாயிறு மாலை. மகன் வாசிப்பான், நான் முடிவு செய்வேன். எல்லாம் ஒரே கோப்பில்: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மணமுறிவுத் தீர்ப்பு, கடந்த ஓராண்டுச் சம்பளச் சீட்டு, மத்திய சேம நிதிச் சந்தாப் பதிவு, வாடகை ஒப்பந்தம், பள்ளிக் கடிதங்கள். ஒவ்வொன்றுக்கும் நகல். எந்த அலுவலகத்துக்குப் போன் செய்தாலும் தேதி, பேசியவர் பெயர், சொன்னது என்ன என்று ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். “நாங்க அப்படிச் சொல்லலையே” என்று யாராவது சொல்லும்போது அந்தக் குறிப்பேடு உங்களுக்காகப் பேசும்.

இன்னொன்று, என்னைக் காப்பாற்றியது. உதவி கேட்டுப் போகும் ஒவ்வோர் இடத்திலும் முதலிலிருந்து கதை சொல்லச் சொல்வார்கள். ஏன் பிரிந்தீர்கள், எப்போது வீட்டை விற்றீர்கள், பணம் எங்கே போயிற்று. அந்த அதிகாரிகள் தம் வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரே காயத்தைத் திரும்பத் திரும்பக் கிளறினால் ஒரு கட்டத்தில் உதவியே வேண்டாம் என்று இருந்துவிடத் தோன்றும். அப்படி விட்டுவிட்டவர்களை எனக்குத் தெரியும். நான் என் கதையை ஒரே பக்கத்தில், தேதிகளோடு, மகன் உதவியோடு ஆங்கிலத்தில் எழுதி அச்செடுத்து வைத்தேன். போய் உட்கார்ந்ததும் அதை நீட்டுவேன். “முதல்ல இதைப் படிச்சிடுங்க, பிறகு கேள்வி கேளுங்க.” கேள்விகள் பாதியாகக் குறைந்தன, அழுகை நின்றது. நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்புக்குப் போவதானாலும் அந்தப் பக்கமும் நகல்களும் எடுத்துப் போங்கள், ஒரு முறைக்கு ஒரே ஒரு கோரிக்கை வையுங்கள். ஐந்து குறையை ஒன்றாகச் சொன்னால் எழுதப்படும் கடிதத்தில் எதுவும் அழுத்தமாக விழாது.

வேலை போய்விட்டதா, நேரம் குறைந்துவிட்டதா, வாடகை கட்ட முடியாத மாதம் வருவதற்கு முன்பே வீவக கிளை அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். பாக்கி சேர்ந்த பிறகு பேசுவதற்கும், “அடுத்த மாசம் கஷ்டம்” என்று முன்கூட்டியே சொல்வதற்கும் கிடைக்கும் பதிலில் பெரிய வித்தியாசம் இருக்கிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தரும் காம்கேர் உதவி கிடைத்தால் மாதப் பணத்தோடு வாடகை, பராமரிப்புக் கட்டணம், மின்சாரக் கட்டணத்துக்கும் கைகொடுப்பார்கள். வட்டாரத்துச் சமூக சேவை அலுவலகத்துக்கு நேரில் போகலாம், அல்லது 1800-222-0000 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

உதவி செய்ய வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன், மனத்தாங்கலாக எடுத்துக்கொள்ளக்கூடாது. விழாக்காலங்களில் எங்கள் கீழ்த்தளத்தில் அரிசி, மைலோ, நூடல்ஸ் பைகள் வந்து குவிகின்றன. அன்போடு கொடுக்கிறீர்கள், வணங்கி வாங்குகிறோம். ஆனால் நீரிழிவு உள்ள மக்சிக்குக்கு அந்தப் பையில் பாதி ஆகாது. ஒரு நிறுவனம் ஒரு வருடம் வித்தியாசமாகச் செய்தது: முதலில் ஒவ்வொரு கதவையும் தட்டி, என்ன வேண்டும் என்று கேட்டது. மின்விசிறி, எடை குறைந்த போர்வை, சனிக்கிழமை இரண்டு மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் என்று எங்கள் தளத்தில் சொன்னார்கள். சனிக்கிழமை இரண்டு மணி நேரம் தூங்கக் கிடைத்த ஒரு தாய், அதை இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறாள்.

பிள்ளைகள் இருக்கும் வாடகை வீட்டுக் குடும்பங்களுக்கு 2019ல் காம்லிங்க் என்ற அரசு உதவித் திட்டம் தொடங்கியது, 2023ல் அது காம்லிங்க் பிளஸ் ஆனது. எனக்கு அதில் பிடித்தது, குடும்பத்துக்கென்று ஒரே பயிற்றுநர் தொடர்ந்து வருவது. கதையைத் திரும்பச் சொல்லும் பாரம் குறைகிறது. பிள்ளையைப் பாலர் பள்ளியில் சேர்த்தாலோ, சேம நிதிச் சந்தாவோடு கூடிய வேலையில் நிலைத்தாலோ, கடனை அடைத்தாலோ ஊக்கத்தொகை தருகிறார்கள். என் தளத்தில் மூன்று வயதுக் குழந்தை வைத்திருக்கும் ஒரு தங்கை, பாலர் பள்ளியில் சேர்த்ததற்காகக் குழந்தையின் மேம்பாட்டுக் கணக்கில் 500 வெள்ளி பெற்றாள். என் மகளுக்குச் சிண்டாவின் (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) ஸ்டெப் துணைப்பாட வகுப்பு பெரிய துணை. வீட்டுக்கு இணையமும் மடிக்கணினியும் சலுகை விலையில் வேண்டுமென்றால் டிஜிட்டல் ஆக்சஸ் அட் ஹோம் என்ற திட்டத்தைக் கேளுங்கள்.

வேலை விஷயத்தில் ஒரு பயத்தைத் தெளிவாக்க வேண்டும். “சம்பளம் ஏறுனா வீட்டை எடுத்துக்குவாங்க” என்று சொல்லிச் சிலர் கைக்காசு வேலைக்குப் போகிறார்கள். துப்புரவுப் பணியாளர்களுக்கான படிப்படியான சம்பள முறையில் அடிப்படைச் சம்பளம் 2023 ஜூலையில் 1,570 வெள்ளி, 2025 ஜூலையில் 1,910. முழுநேரம் வேலை செய்யும் ஒருவரின் சம்பளமே பழைய 1,500 வரம்பைத் தாண்டிவிட்டது. இதனால் ஒரு குடும்பத்தையும் வெளியே அனுப்பி நான் பார்க்கவில்லை. வாடகை ஏறும், அது உண்மை. ஆனால் கைக்காசு வேலையில் சேம நிதிக் கணக்கு வளராது, குறைந்த சம்பளக்காரர்களுக்கு அரசாங்கம் தரும் வொர்க்ஃபேர் வராது, தொடர்ந்து வேலை பார்த்ததற்கான பதிவும் இருக்காது. அந்தப் பதிவு இல்லாமல் வீடு வாங்கும் முக்கிய மானியத்துக்கு வழியில்லை. முதல்முறை வாங்குகிற குடும்பத்துக்கு, 2024 ஆகஸ்டிலிருந்து, மேம்படுத்தப்பட்ட வீட்டு மானியம் 120,000 வெள்ளி வரை உண்டு. வருமானம் குறைந்தவர்களுக்குத்தான் மானியம் கூடுதல். அதற்கும் பன்னிரண்டு மாதம் தொடர்ந்து வேலை பார்த்திருக்க வேண்டும். முதலாளியிடம் சம்பளத்தைச் சந்தாவோடு கேளுங்கள், கேட்கத் தயங்காதீர்கள்.

என்னைப்போல் இரண்டாம் முறை வாங்குகிறவர்களுக்கு ஃபிரெஷ் ஸ்டார்ட் திட்டம் இருக்கிறது. 2016ல் 35,000 வெள்ளி மானியத்தோடு வந்தது, 2023ல் 50,000 ஆனது, 2025ல் 75,000. வாடகை வீட்டில் இருக்கும், பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு. வேலையில் தொடர்ச்சி, பிள்ளைகளின் பள்ளி வருகை ஆகியவற்றைப் பார்த்துச் சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு ஒரு மதிப்பீட்டுக் கடிதம் கொடுக்க வேண்டும். வீட்டின் குத்தகைக் காலம் குறைவு, வயதைப் பொறுத்து 45 முதல் 65 ஆண்டு. 20 ஆண்டு குடியிருந்த பிறகுதான் விற்க முடியும். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. நான் விற்பதற்காக வீடு தேடவில்லை.

எனக்கு இருக்கும் அவசரம் வேறு. மகன் தேசிய சேவையை முடித்து வேலைக்குப் போனால் அவன் சம்பளமும் குடும்ப வருமானத்தில் சேரும், வாடகை இன்னும் ஏறும். அதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். ஈரறையா மூவறையா என்பதில் வீட்டில் பேச்சு நடக்கிறது. இந்தத் திட்டத்தில் மூவறை என்றால் ஸ்டாண்டர்ட் வகை பிடிஓ (முன்பதிவின் பேரில் கட்டும் புது வீடு) மட்டும், புக்கிட் மேரா, குவீன்ஸ்டவுன் பக்கம் புதிதாக வருபவை பெரும்பாலும் அந்த வகை இல்லை. அதாவது ஊட்லண்ட்ஸ், செம்பவாங் என்று தள்ளிப் போக வேண்டியிருக்கும். மகளுக்குத் தனி அறை வேண்டும், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அங்கிருந்து காலை ஷிஃப்டுக்கு முதல் ரயிலைப் பிடித்தாலும் நேரத்துக்கு வந்து சேர முடியாது. டெப்போ ரோடு ருத்ர காளியம்மன் கோயிலில் குறி கேட்காத குறையாக இதை மனத்தில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தேன். போன வாரம் மேற்பார்வையாளரிடம் மதிய ஷிஃப்டுக்கு மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன், நகலைக் கோப்பில் வைத்திருக்கிறேன். அது கிடைத்தால் மூவறைக்கே விண்ணப்பிப்போம்.